புள்ளலூர் வரை கேட்ட குரல்

காஞ்சிபுரத்துக்கு வடக்கே, ஏறக்குறைய ஒரு காத தூரத்தில், நஞ்சை வயல்களுக்கு நடுவே ஒதுங்கியிருக்கும் புள்ளலூருக்குச் சரித்திரத்தில் கிடைத்திருக்கும் ஸ்தானம், அவ்வூரின் அளவைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியத்தை விளைவிக்கக் கூடியது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன்னுடைய பிரதான சத்துருக்களை இவ்வூரிலே நிர்மூலமாக்கினான் என்று காசக்குடிச் செப்பேடு கூறுகிறது. பகைவர் இன்னாரென்று அது கூறாவிட்டாலும், சாளுக்கிய வேந்தன் இரண்டாம் புலிகேசியின் படையெடுப்பை ஒட்டி நடந்த யுத்தமே அது என்பது சரித்திர ஆசிரியர் பலருடைய அபிப்பிராயம். அதற்கு 1,100 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் தேதி, ஹைதர் அலியும் அவர் குமாரர் திப்புவும் கர்னல் பெய்லியின் கும்பினிப் படையை இங்கே சுற்றி வளைத்து முறியடித்தார்கள். காஞ்சியில் பெரும்படையோடு தங்கியிருந்த தளபதி ஹெக்டர் மன்றோவின் காதில் பீரங்கி முழக்கம் விழுந்தது. விழுந்தும், யார் கை ஓங்கியிருக்கிறது என்பது விளங்கவில்லை. விளங்கியபோதோ, உதவிக்குப் போகும் காலம் கடந்துவிட்டது. மறு ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி இதே களத்தில் ஹைதருடன் சர் அயர் கூட் பொருதியபோது மாண்ட இரண்டு கும்பினி அதிகாரிகளுக்கு எழுப்பப்பட்ட கூர்நுனித் தூண்கள் இன்றும் இங்கே நிற்கின்றன. பெய்லியின் தோல்வியோ ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் வர்ணச் சித்திரமாக விளங்குகிறது.

செப்பேட்டிலும் கல்லிலும் சுவரிலும் இவ்வளவு பதிவாகியிருக்கிற இந்த வட்டாரத்துக்குச் சென்ற நூற்றாண்டில் சென்னைப் பட்டணத்திலிருந்து வேறொரு சப்தம் வந்து சேர்ந்தது. அது மூன்று தலைமுறைகளுக்கு மேலாக மாலைதோறும் இங்குள்ளவர்களோடு பேசியது. நெல் ரகத்தின் பெயரைச் சொல்லிற்று. புயல் வரும் திசையைச் சொல்லிற்று. தேசம் விடுதலை பெற்ற செய்தியையும் மகாத்மா மறைந்த செய்தியையும் சொல்லிற்று. யுத்தத்தில் மாண்ட அந்நிய அதிகாரிக்குத் தூண் நாட்டிய நாட்டில், இவ்வளவு பேசிய குரல்களுக்கு என்ன ஞாபகச் சின்னம் இருக்கிறது என்று கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது என்று நாம் எண்ணுகிறோம்.

சென்னை வானொலியின் கதை சர்க்காரிலிருந்து தொடங்கவில்லை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்ற பொறியாளர் இங்கிலாந்திலிருந்து தாம் கொண்டுவந்த உறுப்புகளைக் கொண்டு ஒலிபரப்பும் கருவி ஒன்றை அமைத்து, அபிமானிகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, 1924-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் தேதி சென்னை மாகாண ரேடியோ கிளப் என்ற சங்கத்தை ஸ்தாபித்தார்; அதே ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி எழும்பூரிலிருந்து ஒலிபரப்புத் தொடங்கியது. ஆரம்பத்தில் அக்கருவியின் சக்தி 40 வாட். இன்று ஒரு வீட்டு மின்விளக்குக்குப் போதுமான சக்தி அது. பின்னர் 200 வாட்டாக வளர்ந்தது. ஆயினும் சந்தாப் பணத்தை நம்பி நடந்த அந்தச் சங்கம் 1927-இல் பண முடையால் ஒலிபரப்பை நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. நிறுத்தியவர்கள் கருவியை விற்றுக் காசாக்காமல் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஒரு காரியத்துக்காகவே அவர்களுக்குச் சென்னை கடன்பட்டிருக்கிறது.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரிப்பன் மாளிகையின் வானொலி ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. ஒரு நகரசபை, குழாய்த் தண்ணீரும் தெருவிளக்கும் அளிப்பதோடு சங்கீதமும் அளிப்பது தன் கடமை என்று கருதியதை இன்று நினைத்தால் மனம் நெகிழ்கிறது. மாலை வேளைகளில் கச்சேரி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும். ஞாயிறு காலையில் இசைத்தட்டு. ரேடியோப் பெட்டி வாங்க வகையில்லாதவர்களுக்காக மெரீனாவிலும், உயர்நீதிமன்றக் கடற்கரையிலும், பீப்பிள்ஸ் பார்க்கிலும், ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாநகராட்சிப் பள்ளிகளிலும் வைக்கப்பட்டன. வேலை முடிந்து வந்த தொழிலாளியும், கடற்காற்று வாங்க வந்த குமாஸ்தாவும் காசு கொடுக்காமல் வித்வான்களின் பாட்டைக் கேட்டது சபாக்களின் வாசலில் அல்ல, இந்த மணற்பரப்பில்தான். அதே ராபின்சன் பூங்காவில்தான் 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது; கூடியிருந்து கேட்கும் பழக்கத்தை அந்தப் பூங்காவுக்கு ஏற்படுத்தியதில் மாநகராட்சியின் ஒலிபெருக்கிக்கும் பங்கு உண்டு என்று நினைப்பது மிகையாகாது.

அகில இந்திய வானொலி எழும்பூர் மார்ஷல்ஸ் ரோட்டில் தன் சென்னை நிலையத்தைத் திறந்தது 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-ஆம் தேதி; மறு ஆண்டு மே மாதத்தில் திருச்சி நிலையம் பிறந்தது. 1954-இல் சென்னை நிலையம் கடற்கரைச் சாலையில் இப்போதிருக்கும் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. வருஷங்களை அடுக்கிக்கொண்டு போவதைக் காட்டிலும், அந்தக் கட்டடங்களுக்குள் உத்தியோகம் பார்த்தவர்கள் யார் என்று பார்ப்பது அதிக பலன் தரும். ‘மோகமுள்’ எழுதிய தி. ஜானகிராமன் பள்ளிப் பிள்ளைகளுக்கான கல்வி ஒலிபரப்பைச் சென்னை நிலையத்தில் கவனித்தவர். சுகி சுப்பிரமணியன் நாடகங்களைத் தயாரித்தவர். அகிலன் பேச்சு நிகழ்ச்சிகளைத் தயாரித்தார். ஓவியரும் பாடகருமான எஸ். ராஜம் சங்கீதப் பகுதியில் இருந்தார். தமிழில் எழுதிப் பிழைப்பது அசாத்தியமாயிருந்த காலத்தில், மாதச் சம்பளம் கொடுத்து எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் காப்பாற்றிய ஸ்தாபனங்களில் வானொலி முதன்மையானது. அவர்களோ பதிலுக்கு, மேடைத் தமிழும் அல்லாத, கொச்சைப் பேச்சும் அல்லாத, காதுக்கென்றே ஏற்பட்ட ஒரு தமிழ் நடையை அதற்கு உண்டாக்கிக் கொடுத்தார்கள்.

அந்த நடைக்கு இலக்கணம் எழுதியவர் இலங்கைக்காரர். சோ. சிவபாதசுந்தரம் கொழும்பு வானொலியிலும் லண்டன் பி.பி.சி.யின் தமிழோசையிலும் பணியாற்றி, பின்பு சென்னைக்கே வந்து குடியேறியவர். ‘ஒலிபரப்புக் கலை’ என்ற அவருடைய நூல் தமிழில் இத்துறைக்கு ஏற்பட்ட முதல் தரமான சாஸ்திரம். கொழும்பைப் பற்றிச் சொல்லாமல் சென்னை வானொலியின் சரித்திரம் பூர்த்தியாவதும் இல்லை. 1952-இல் மத்திய மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பினார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ஜனங்கள் ரசனையைத் திருத்திக்கொள்ளவில்லை. ரேடியோவின் முள்ளைத்தான் திருப்பிக்கொண்டார்கள். எஸ். பி. மயில்வாகனத்தின் குரலும், பின்னாளில் பி. எச். அப்துல் ஹமீது, கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் ஆகியோரின் குரல்களும் கடலைத் தாண்டி வந்து தமிழ்நாட்டு வீடுகளில் நிலைத்தன. ஐந்து ஆண்டு கழித்து, 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்கி டெல்லி தன் பிழையைத் திருத்திக்கொண்டது என்றாலும், அறிவிப்பாளர் என்பவர் வீட்டு மனிதராகவே ஆகிவிட முடியும் என்பதைத் தமிழர்களுக்கு முதலில் காட்டியது கொழும்புதான்.

இனி, இந்தக் குரல்கள் கிராமத்துக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

பஞ்சாயத்து அலுவலகத்தை ஒட்டியோ, மந்தைவெளியிலோ ரேடியோவுக்கென்றே கட்டிய சிறிய அறை, அதற்குள் பூட்டுப் போட்ட மரப்பெட்டி, பெட்டிக்குள் ரேடியோ, கூரைக்கு மேலே இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய செப்புக் கம்பி, வெளியே கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர். சாவி பஞ்சாயத்துச் சிப்பந்தியிடம் இருக்கும். அந்தி மயங்கியதும் அவர் வந்து திறந்து விசையைத் திருப்புவார். திருப்பியவுடன் பேசிவிடாது, உள்ளே வால்வுகள் சூடேற வேண்டும், முள்ளுக்குப் பின்னாலிருக்கும் மஞ்சள் விளக்கு முதலில் எரியும், பிறகு ஓர் இரைச்சல் வரும், அதற்குள்ளிருந்து மெதுவாக ஒரு மனிதக் குரல் மேலெழும்பி வரும். உலர்ந்த தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் குடியானவர்கள் அதற்குப் பிறகுதான் பேச்சை நிறுத்துவார்கள். மின்சாரம் எட்டாத ஊர்களில் கனத்த பாட்டரிகளைக் கொண்டு இதே காரியம் நடந்தது. வீட்டில் ரேடியோ வைத்திருந்த சிலர் ஆண்டுதோறும் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டணம் செலுத்தி, சிறு புத்தகத்தில் முத்திரை வாங்கி வந்தார்கள். அந்த வழக்கம் 1980-களில்தான் ஒழிந்தது.

மத்திய அலையின் குணம் ஒன்று இவ்விடத்தில் குறிப்பிடத் தக்கது. இக்காலத்துப் பண்பலை கோபுரத்தின் பார்வைக்கு எட்டும் தூரத்தோடு ஏறக்குறைய நின்றுவிடும். மத்திய அலையோ பூமியைத் தழுவிக்கொண்டு வெகு தூரம் செல்லும், இரவில் மேல் வானத்தில் பட்டுத் திரும்பி இன்னும் தூரம் போகும். ஆகவே 720 கிலோஹெர்ட்ஸில் ஒலித்த சென்னை ‘ஏ’ நிலையம் பட்டணத்தின் நிலையமாக மட்டும் இருக்கவில்லை. செங்கற்பட்டு ஜில்லா முழுமைக்கும், அதற்கு அப்பாலும் அது உள்ளூர் நிலையமாகவே இருந்தது. பட்டணத்தை ஒருநாளும் பார்த்திராத பெண்கள், மைலாப்பூரும் திருவல்லிக்கேணியும் எங்கிருக்கின்றன என்பதைக் காதால் அறிந்திருந்தார்கள். பண்ணை ஒலிபரப்பு வந்த பிறகு விஷயம் பாட்டோடும் பேச்சோடும் நிற்கவில்லை. தஞ்சையில் ஏ.டி.டி. 27 என்ற ரகத்தை வானொலி மூலம் அறிந்து பயிரிட்ட விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். ஒரு யந்திரத்துக்கு உழவர்கள் அளித்த இதைவிடப் பெரிய பட்டம் ஒன்று நமக்குத் தெரியவில்லை.

குரல்களிலே சிலவற்றைப் பற்றித் தனியே சொல்லத்தான் வேண்டும். 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி அதிகாலை, டெல்லியிலிருந்து சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். நாடக மேடையிலும் சினிமாவிலும் பின்னாளில் அவரைக் கண்டு களித்தவர்களில் பலர் இதை அறியார். அதே டெல்லிச் செய்திப் பிரிவில் மூன்று பதிற்றாண்டுகளுக்கும் மேல் பணியாற்றிய சரோஜ் நாராயணஸ்வாமியை அறியாத தமிழர் இல்லை. “செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணஸ்வாமி” என்று காலையில் அந்தக் கம்பீரமான குரல் கேட்டால், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட நேரமாயிற்று என்று பொருள். டெல்லியில் செய்தி வாசிப்பவர் என்பவர் மொழிபெயர்ப்பாளரும் ஆவார். ஆங்கிலத்தில் தட்டச்சாகி வரும் தாள்களை வாங்கித் தாமே தமிழாக்கி, கடைசி நிமிஷத்தில் வந்த தாளையும் சேர்த்துக்கொண்டு, ஒலிப்பதிவு அறைக்குள் நுழைய வேண்டும். மூச்சு வாங்குவதும், காகிதம் சலசலப்பதும், வார்த்தை தடுமாறுவதும் கேட்கக் கூடாது. தஞ்சாவூர்க் குடும்பத்தில் பிறந்து பம்பாயில் வளர்ந்த ஒரு பெண்மணி, றகரத்தையும் ழகரத்தையும் அவ்வளவு துல்லியமாக உச்சரித்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு உச்சரிப்புக் கற்றுக்கொடுத்தார் என்பதை எண்ணும்போது அவருடைய சாதனையின் அளவு புலப்படும். 2022 ஆகஸ்டு 13-ஆம் தேதி அவர் காலமானார்.

குழந்தைகளுக்கு வானொலி அண்ணாவாக விளங்கிய கூத்தபிரானை நினைக்கையிலேயே ஒரு தலைமுறைக்கு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிடும். ஆனால் கிராமத்தின் உள்ளத்தைத் தொட்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், தென்கச்சி கோ. சுவாமிநாதனைத்தான் நாம் சொல்வோம். இன்றைய அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப்பெருமாள்நத்தத்தில் பிறந்து, விவசாயப் பட்டம் பெற்று, சொந்த ஊரில் ஊராட்சித் தலைவராகவும் இருந்து, அதன் பிறகே வானொலிக்கு வந்தவர் அவர். திருநெல்வேலி நிலையத்தில் அறிவிப்பாளராகத் தொடங்கிச் சென்னைக்கு மாற்றலாகி வந்து, ‘இன்று ஒரு தகவல்’ என்ற நிகழ்ச்சியைப் பல ஆண்டுகள் நடத்தினார். சில நிமிஷங்கள்தான், ஏற்ற இறக்கம் இல்லாத, சற்றும் அவசரம் இல்லாத, திண்ணையில் உட்கார்ந்து பேசும் குரல். ஒரு கருத்தைச் சொல்வார். அதற்கு ஒரு கதை சொல்வார். முடிவில் யாரும் எதிர்பாராத ஒரு வேடிக்கையை, தாம் சிரிக்காமல் சொல்லிவிட்டு விலகிக்கொள்வார். டீக்கடையில் கண்ணாடி டம்ளரைக் கையில் ஏந்தியபடியே ஜனங்கள் அந்த முடிவுக்காகக் காத்திருந்ததும், முடிந்தவுடன் ஒன்றாகச் சிரித்ததும் தமிழ்நாடெங்கும் நடந்தவை. அந்த உரைகள் பின்பு புத்தகங்களாக வந்தன. வாசிக்கலாம், எனினும் அந்த வாசகங்களுக்கு உயிராக இருந்தது அவர் குரலின் நிதானம், அதைக் காகிதம் ஏந்தி வரவில்லை. 2009 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

இங்கேதான் நம்முடைய கவலை பிறக்கிறது. 1924 தொடங்கிய ஆரம்ப கால ஒலிபரப்புகள் எல்லாம் நேரடியானவை. காற்றில் போனவை போனவைதான். ஒலிநாடா வந்த பிறகும், அது விலையுயர்ந்த பொருளாயிருந்ததால், ஒரு முறை ஒலிபரப்பியதை அழித்து அதன்மேலேயே மறு பதிவு செய்வது உலகெங்கும் வழக்கமாயிருந்தது, லண்டன் பி.பி.சி.யே அப்படித் தன் செல்வங்கள் பலவற்றை இழந்திருக்கிறது. நம் நாட்டில் சங்கீத வித்வான்களின் கச்சேரிகளுக்காவது மதிப்பு உண்டு என்று கருதி வானொலி நிலையங்கள் பலவற்றைப் பாதுகாத்து வைத்தன. அவற்றுள் சில வெளியிடப்பட்டும் இருக்கின்றன. பேச்சுக்கு அந்த மதிப்புக் கிடைக்கவில்லை. குடியானவரோடு நடத்திய சம்பாஷணை, ஏரி உடைந்த ஊரிலிருந்து கொண்டுவந்த பேட்டி, நகரத்துப் பெரியவர் ஒருவர் தம் பால்ய காலத்துச் சென்னையைப் பற்றிச் சொன்ன நினைவு ஆகியவை அன்றாடச் சரக்காகக் கருதப்பட்டன. அன்றாடச் சரக்குத்தான் நாளைய சரித்திரம் என்பதை உத்தரமேரூர்க் கல்வெட்டே நமக்குச் சொல்லித் தரவில்லையா? பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், ஒரு கிராமசபை தன் வாரியங்களுக்கு ஆளெடுக்கும் குடவோலை விதிகளைக் கோயில் சுவரில் வெட்டி வைத்தது. அது அன்றைக்கு நிர்வாக அறிவிப்பே தவிர வேறில்லை.

சென்னையின் சரித்திரத்தைப் பத்திரிகை வாயிலாக ஜனங்களிடம் கொண்டு சேர்த்ததில் எஸ். முத்தையாவின் பங்கு அளவிடற்கரியது. 1991-இல் தொடங்கிய ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ பத்திரிகையும், ஆகஸ்டு 22-ஐ ஒட்டிக் கொண்டாடப்படும் சென்னை தினமும் பழைய கட்டடங்களின்மேல் ஒரு பக்தியையே உண்டாக்கியிருக்கின்றன. 2019-இல் அவர் காலமான பிறகும் அந்தக் காரியம் தொடர்ந்து நடப்பது திருப்தியளிக்கிறது. கட்டடத்துக்குக் கிடைத்த அந்த பக்தி குரலுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.

தற்கால நிலைமையும் இதில் வந்து சேர்கிறது. 1977-இல் நாட்டிலேயே முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பைத் தொடங்கிய நகரம் சென்னை. 2004-இல் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியதும் சென்னையே. தனியார் பண்பலைகள் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மிர்ச்சி சிவா, மிர்ச்சி செந்தில், ஆர்.ஜே. பாலாஜி என்று நிலையத்தையோ தொழிலையோ பெயரிலேயே சுமந்துகொண்டு சினிமாவுக்குப் போகும் அளவுக்குக் குரல்களும் புகழ் பெற்றிருக்கின்றன. இருந்தும், இந்த நிலையங்களுக்குச் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க அனுமதி இல்லை. அரசாங்க வானொலியின் செய்தியறிக்கையை எடுத்து மாற்றாமல் ஒலிபரப்பலாம், போக்குவரத்தும் வானிலையும் சொல்லலாம், அவ்வளவே. 1995-லேயே, வான் அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பளித்திருந்தும் நிலைமை இதுதான். இவ்வட்டாரத்துப் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அமையும் என்று 2022-இல் அறிவிப்பு வந்து, ஏகனாபுரம் ஜனங்கள் நிலத்துக்காகப் போராடத் தொடங்கிய விஷயம் பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் வந்தது. காரில் போகிறவர் காதில் நாள் முழுவதும் ஒலிக்கும் தனியார் வானொலி அந்த ஊருக்கு ஒரு நிருபரை அனுப்பி, ஒரு கிழவியின் வார்த்தையைப் பதிவு செய்து செய்தியாக ஒலிபரப்ப வழியில்லை. நாளைய சரித்திர ஆசிரியனுக்கு இக்காலத்துப் பண்பலையிலிருந்து என்ன கிடைக்கும் என்பதை நினைத்தால் வருத்தமாயிருக்கிறது. இதற்கிடையே 2023 மே மாதத்தில், அகில இந்திய வானொலி என்ற பெயரை விட்டு ஆகாசவாணி என்றே குறிப்பிட வேண்டும் என்று உத்தரவு வந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த ஆட்சேபம் பலமாகவே இருந்தது. பெயருக்காகக் காட்டிய அந்த அக்கறையில் பாதியை உள்ளே இருக்கும் ஒலிநாடாக்களுக்காகக் காட்டினாலும் பெரும் பயன் விளையும்.

அது அசாத்தியமான காரியம் அன்று. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பு 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்று, புத்தகங்களோடு பழைய இசைத்தட்டுகளையும் பாதுகாத்து வருகிறது. வானொலி நிலையம் தன்னிடம் எஞ்சியிருக்கும் பேச்சு நாடாக்களின் ஜாபிதாவைப் பகிரங்கமாக வெளியிட்டு, இப்படிப்பட்ட ஸ்தாபனங்களுடன் கைகோத்தால், பாதி வேலை முடிந்துவிடும். மறு பாதி நம் வீடுகளில் இருக்கிறது. 1980-களில் ரேடியோவும் டேப்ரிக்கார்டரும் ஒன்றாய் அமைந்த ‘டூ-இன்-ஒன்’ வந்த பிறகு, பிடித்த நிகழ்ச்சியைக் கேசட்டில் பதிந்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். நிலையமே அழித்துவிட்ட குரல், காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பரணிலோ, வாலாஜாபாத்துக் கடைக்காரர் மேஜையிலோ கிடக்கலாம்.

அப்படிக் கேசட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெகு நாள் ஓட்டாத நாடாவை எடுத்தவுடன் பழைய டேப்ரிக்கார்டரில் போட்டுவிடக் கூடாது. வெண்மையாகப் பூஞ்சை படிந்திருந்தால் நாடா சுற்றிக்கொண்டு அறுந்துபோகும், பூஞ்சை கருவியின் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்த நாடாவையும் கெடுக்கும். ஈரமும் வெயிலும் படாமல் செங்குத்தாக நிறுத்தி வைத்து, தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன்பே, பதிந்தவர் உயிரோடு இருக்கும்போதே அவரிடம் கேட்டு, எந்த நிலையம், எந்த நிகழ்ச்சி, ஏறத்தாழ எந்த வருஷம், பேசுகிறவர் யார் என்பதைக் கேசட்டின் உறையிலேயே பேனாவால் எழுதிவிட வேண்டும்.